முதல் தவணை

ஜாய்ஸ் வேலையை விட்டுச் சில வருடங்கள் ஆகியிருந்தாலும் தெரிந்தவர்கள் எல்லோரும் அவளை இன்னும் டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். மதுரை ஞானஒளிவுபுரத்தில் வீடு. பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிக ஆசிரியையாக இருந்தவள். நிரந்தரமாக்குவார்கள் என்று காத்திருந்து காத்திருந்து, அந்த இடத்துக்கு வேறொருத்தி நியமன ஆர்டரோடு வந்து நின்ற பிறகுதான் ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட் ஆனாள். கணவன் மரியராஜ் அதே பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் கிளார்க்.

முத்துக்கருப்பனை அந்தப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே அவளுக்குத் தெரியும். வேன் டிரைவர். மழைக்காலத்தில் சின்னப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து வராந்தாவில் இறக்கிவிடுவார். பிறகு வேனை விட்டுவிட்டு, கடன் வாங்கிச் சொந்தமாகக் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று எடுத்தார். பேரையூர்ப் பக்கம் அவருடைய ஊர். சுற்றியுள்ள தோட்டங்களில் மல்லிகைப் பூ மூட்டைகளை ஏற்றி, வெயில் ஏறுவதற்குள் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் இறக்குவதுதான் தொழில்.

மனைவி, காலேஜுக்குப் போகும் மகள், பள்ளிக்கூடத்துப் பையன், வண்டிக் கடன், எல்லாம் அவர் ஒருத்தர் கையை நம்பி ஓடியது. இவருக்கு ஒரு பாலிசி அவசியம் என்று ஜாய்ஸுக்குத் தோன்றியதில் வியாபாரம் பாதி, அக்கறை பாதி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போனாள்.

முத்துக்கருப்பன் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

"என்ன டீச்சர், இம்புட்டுத் தூரம்? போன் பண்ணிருந்தா ரோட்டுக்கு வண்டியக் கொண்டாந்துருப்பேன்ல. ஏ ஒச்சாயி, டீச்சருக்குக் குடிக்கக் கலரு வாங்கியாரச் சொல்லு."

ஜாய்ஸ் பொறுமையாக விளக்கினாள். பெரிதாக ஒன்றும் வேண்டாம், வண்டிக் கடன் போக மிஞ்சுவதில் கட்ட முடிகிற அளவுக்குச் சின்னதாக ஒன்று போதும். மாதாமாதம் கட்டலாம். அவருக்கு ஏதாவது ஆனால் வண்டிக் கடன் அடைந்து, பிள்ளைகள் படிப்பை முடிக்கிற அளவுக்குக் கிடைக்கும். மனைவி ஒச்சாயி கதவோரம் நின்று கேட்டாள். முத்துக்கருப்பன் நல்ல கேள்விகளாகக் கேட்டார். எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

"சரி டீச்சர். முதத் தவணைய நீங்கதான கட்டுவீக?"

ஜாய்ஸ் சிரித்துவிட்டாள். பிறகு அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று புரிந்தது.

"அது கூடாதுண்ணே. சட்டமே இருக்கு. எனக்கு வர்ற கமிஷன்ல இருந்து நான் உங்களுக்கு விட்டுக்குடுக்கவும் கூடாது, நீங்க வாங்கவும் கூடாது. மாட்டினா பத்து லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம்."

"எந்தூரு சட்டம் டீச்சர்? எங்க பங்காளி ஒருத்தருக்கு ஏஜென்ட் ஒரு தவணையும் கட்டி குக்கரும் குடுத்தாரு. இந்தா, தெக்குத் தெருவுலதேன் இருக்காரு, கூப்பிடவா?"

"குடுக்குறாங்க, இல்லைன்னு சொல்லல. ஏன் கூடாதுன்னா, சும்மா கிடைக்குதேன்னு நம்மளால தாங்க முடியாத பாலிசியப் போட்டுருவோம். அப்புறம் கட்ட முடியாது."

"நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?"

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் பேச்சு அதோடு அறுந்துபோனது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லி, அவரே வண்டியில் மெயின் ரோடு வரைக்கும் கொண்டுவந்து விட்டார். யோசிக்கிறேன் என்று சொன்ன யாரும் திரும்பக் கூப்பிட்டதில்லை என்பது இந்த வேலைக்கு வந்த முதல் வருடமே அவளுக்குத் தெரிந்துபோன விஷயம்.

வீட்டில் மரியராஜ் கேட்டார்: "உன் கமிஷன், உன் காசு. உன் கையில இருந்து குடுக்கப்போற. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"எனக்குத் தெரியல. கூடாதுன்னு பரீட்சையில எழுதித்தான் லைசென்ஸ் வாங்கினேன்."

"பரீட்சையில எழுதினதெல்லாம் வாழ்க்கையில பாத்தா நம்ம எங்கயோ இருந்துருக்கணும்" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட உட்கார்ந்தார். அந்த மாதம் அவளுக்கு ஒரு பாலிசிகூட அமையவில்லை.

கிளை அலுவலகக் கூட்டத்தில்தான் மீதி தெரிந்தது. சூரியபிரகாஷ் அந்தக் கிளையிலேயே அதிகம் பாலிசி பிடிக்கிற ஏஜென்ட். முப்பது வயதைத் தாண்டாதவன். எல்லோரும் கை தட்ட, சால்வை போட்டுக்கொண்டு இறங்கி வந்தவன் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"அக்கா, உங்க பழைய வேன் டிரைவர் நம்மகிட்டப் போட்டுட்டாரு. பேரையூர்க்காரரு. உங்க பேரச் சொன்னாரு. ரொம்ப நல்ல மனுஷன்."

"எவ்வளவுக்கு?"

அவன் சொன்ன பாலிசித் தொகை அவள் சொன்னதைப்போல மூன்று மடங்கு இருந்தது. தவணையும் அதற்கேற்றபடி பெரிது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்ட வேண்டும்.

"முதத் தவணைய நான் பாத்துக்கிட்டேன். கூட ஒரு கிரைண்டர். உங்களுக்குத் தெரியாததாக்கா, குடுக்கலைன்னா யாரு போடுறா?"

"அடுத்த தவணையை அவரு எப்படிக் கட்டுவாரு, சூர்யா?"

"கட்டுவாருக்கா. பூ வண்டி ஓட்டுறாரு. பூ விலை என்ன விக்குதுன்னு பாத்தீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரியாது, அவ்வளவுதான். பனிக்காலத்தில் மல்லிகை விலை ஏறுவதே பூ குறைந்துபோவதால்தான். பூ வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு அது நல்ல காலம். மூட்டைக் கணக்கில் வாடகை வாங்கும் வண்டிக்காரருக்கு ஏற்ற மூட்டையே இருக்காது.

அன்று சாயங்காலம் ஜாய்ஸ் முத்துக்கருப்பனுக்குப் போன் செய்தாள். அவர் சங்கடப்பட்டார். "கோவிச்சுக்கிறாதீக டீச்சர். வீட்டுல கிரைண்டர் இல்லாம இவ ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தா" என்றார்.

"கோவம் இல்லண்ணே. தொகை பெருசா இருக்கு. குறைச்சுக்கச் சொல்லுங்க. பாலிசி கைக்கு வந்து முப்பது நாளைக்குள்ள வேண்டாம்னு திருப்பிக்கூடக் குடுக்கலாம்."

"திருப்பிக் குடுத்தா கிரைண்டரையும்ல கேப்பாக?" என்று சிரித்தார். "பாத்துக்கிருவோம் டீச்சர். உடம்பு நல்லா இருக்கு, வண்டி ஓடுது. என்ன இப்ப?"

இரண்டாவது தவணைக்கு அவர் வீட்டில் வளர்த்த ஆடுகளை விற்றார் என்பது அவளுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மார்கழியில், மரியராஜின் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் பூ வாங்க ஜாய்ஸ் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். பனி இன்னும் விலகவில்லை. மல்லிகை விலையைக் கேட்டுவிட்டு ஆட்கள் சம்பங்கிப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். வண்டிகள் நிற்கும் இடத்தில் முத்துக்கருப்பன் தெரிந்தார். பின்பக்கம் இரண்டே மூட்டைகள். அவரும் அவளைப் பார்த்தார். பார்த்தது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சட்டென்று குனிந்து டயரைப் பார்க்கிறவர்போல உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது தவணை கட்டவில்லை என்று அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. கிட்டே போகலாமா என்று நினைத்தாள். போய் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் அவர் காதில் நான் அன்னைக்கே சொன்னேனே என்றுதான் விழும். முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆளிடம் வலியப் போய் நிற்க மனம் வரவில்லை. இன்னொருத்தனுடைய வாடிக்கையாளர் வேறு. அடுத்த வாரம் வீட்டுக்கே போய்ப் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு, சம்பங்கியும் கொஞ்சம் அரளியும் வாங்கித் திரும்பினாள். அடுத்த வாரம் கிறிஸ்துமஸ் வேலை வந்தது. அதற்கடுத்து ஆண்டுக் கணக்கு, ஆட்கள், அலைச்சல்.

தை கடைசியில் ஒருநாள், மூட்டைகளை இறக்கிவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த முத்துக்கருப்பன் கிளாஸை வாங்கக் கையை நீட்டினார். கிளாஸ் விழுந்தது. மார்க்கெட்டுச் சுமைக்காரர்கள் அவர் வண்டியிலேயே அவரைத் தூக்கிப் போட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

காரியம் முடிந்து கொஞ்ச நாளில் ஒச்சாயியும் மகள் சத்யப்ரியாவும் ஞானஒளிவுபுரத்து வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஒச்சாயி நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று தரையில் உட்கார்ந்தாள். ஜாய்ஸும் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தம்பிக்குப் போன் அடிச்சோம். ஆபீஸுக்கு வாங்கன்னாரு. எங்களுக்கு ஆபீஸ்ல யாரத் தெரியும்? உங்களத்தேன் தெரியும்."

"ஒருநாள் உங்களை மார்க்கெட்டுல பாத்தேன்னு அப்பா வந்து சொன்னாரு டீச்சர்" என்றாள் சத்யப்ரியா. "மூஞ்சியக் காட்ட முடியல, ஒளிஞ்சுக்கிட்டேன்னாரு. அன்னைக்குப் பூரா சாப்பிடல."

ஜாய்ஸ் பாலிசி எண்ணை வாங்கிப் போனில் பார்த்தாள். தவணை கட்ட வேண்டிய நாள் போய், அதற்குமேல் கொடுக்கும் ஒரு மாத அவகாசமும் போய், அதற்குப் பிறகுதான் முத்துக்கருப்பன் இறந்திருந்தார். பாலிசி காலாவதியாகியிருந்தது. அதை எப்படிச் சொல்வது என்று அவள் தேடிக்கொண்டிருக்கும்போதே சத்யப்ரியா அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

"ஒண்ணும் வராதா டீச்சர்?"

"ஆபீஸ்ல கேட்டுப் பாப்போம்."

மறுநாள் மூன்று பேரும் அலுவலகத்துக்குப் போனார்கள். கிளை மேலாளர் தமிழ்வாணி கெட்டவள் அல்ல. தண்ணீர் கொண்டுவரச் சொன்னாள், ஒச்சாயியை உட்காரச் சொன்னாள், கணினியில் நிதானமாகப் பார்த்தாள். ஒன்றிரண்டு வருடமாவது கட்டியிருந்தால் ஏதோ கொஞ்சம் தேறும், இரண்டே தவணைக்கு ஒன்றும் இல்லை என்றாள்.

"அதுல ஒண்ணுதேன் நாங்க கட்டுனது தாயி" என்றாள் ஒச்சாயி. "மொதத் தவணைய அந்தத் தம்பி கட்டுச்சு. அது கட்டப்போயித்தான் அம்புட்டுப் பெருசாப் போட்டாக. இல்லாட்டி இந்த டீச்சர் சொன்ன சின்னதத்தேன் போடுறதா இருந்தாக."

தமிழ்வாணி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"அதை எழுதிக் குடுத்தா விசாரிக்கத்தான் செய்வோம்மா. சூரியபிரகாஷுக்கு லைசென்ஸ்கூடப் போகலாம். ஆனா சட்டம் குடுத்தவரை மட்டும் சொல்லல. வாங்கினவரையும் சேத்துத்தான் சொல்லுது."

"செத்துப்போனவருக்கு அபராதம் போடுவீங்களா மேடம்?" என்று சத்யப்ரியா கேட்டாள். கை துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தது.

"யாரும் போடமாட்டாங்க. உள்ளதச் சொல்றேன். நீ எழுதினாலும் பாலிசிக்கு உயிர் வராது. இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளர்கிட்டப் போனாலும் தவணை கட்டினாங்களா இல்லையான்னுதான் முதல்ல கேப்பாங்க. அவனுக்குத் தண்டனை கிடைக்கும். உங்களுக்கு என்ன கிடைக்கும்னு என்னால சொல்ல முடியல."

ஜாய்ஸ் இடையில் புகுந்தாள். "அந்தச் சட்டத்தைப் போட்டதே இவங்க மாதிரி ஆட்களுக்காகத்தானே மேடம்? அதை மீறினதால நஷ்டப்பட்டது இவங்க. இவங்களுக்கு அதுல ஒண்ணுமே இல்லையா?"

"இருக்கான்னு நீங்களும் தேடிப் பாருங்க ஜாய்ஸ். கிடைச்சா எனக்கும் சொல்லுங்க" என்றாள் தமிழ்வாணி. அதில் கேலி இல்லை.

நாமினி ஒச்சாயி என்பதால் அவள்தான் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். சத்யப்ரியா வரவேற்பறையிலேயே பேனாவைக் கேட்டு வாங்கினாள். தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னன்னு எழுதப்போற? உங்கப்பன் வாங்கக் கூடாதத வாங்குனாருன்னா?"

"அவன் குடுத்தான்னு எழுதுறேன்மா."

"ரெண்டும் ஒண்ணுதேன். ஊருல ஒருத்தர்கிட்ட ஒரு பேச்சு வாங்குன மனுசன் இல்ல அவுக. செத்த பெறகு குத்தவாளின்னு எழுதி, அதுல நான் கையெழுத்துப் போடவா? மாட்டேன்டி."

சத்யப்ரியா பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஜாய்ஸ் அவர்களைப் பஸ் ஏற்றிவிடக் கூடவே போனாள். பேரையூர் பஸ் கிளம்ப நேரம் இருந்தது. சத்யப்ரியா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனாள். ஒச்சாயி ஜாய்ஸின் முழங்கையைத் தொட்டாள்.

"டீச்சர், நீங்க கேட்டா வருத்தப்படுவீக. கேக்காமலும் இருக்க முடியல."

"கேளுங்க."

"அன்னைக்கு நீங்க அந்த ஒரு தவணையக் குடுத்துருந்தா, உங்ககிட்டயே போட்டுருப்பாகல்ல? சின்னதுதான? கட்டிருப்பாகல்ல?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. வழி கேட்கிறவளின் குரல்போல இருந்தது. ஜாய்ஸுக்கு அன்று தான் சொன்ன மாதத் தவணை நினைவுக்கு வந்தது. அதை அவர் கட்டியிருப்பார். எந்தப் பனிக்காலத்திலும் கட்டியிருப்பார். அவள் தப்பு செய்திருந்தால் ஒச்சாயிக்கு இன்று வண்டிக் கடன் இருக்காது. செய்யவில்லை, அதனால் அவர் இன்னொருத்தனிடம் போனார். தப்பு செய்யாமல் இருந்ததற்காக யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒச்சாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆமா, கட்டிருப்பாரு" என்று மட்டும் சொன்னாள். பஸ் ஹாரன் அடித்தது.

அன்றே அவள் சூரியபிரகாஷைத் தேடிப் போனாள். அலுவலகத்துக்குக் கீழே டீக்கடையில் நின்றான். அவளைப் பார்த்ததும் கிளாஸைக் கீழே வைத்தான். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, மூணு தடவை போன் பண்ணி ஞாபகப்படுத்தினேன், தவணை கட்டுங்கன்னு. சத்தியமாப் பண்ணினேன். இந்தா கட்டுறேன்னாரு. நான் எத்தனை பேருக்குக் கட்ட முடியும்? என் கமிஷன்ல பாதி இப்படித்தான் போகுது. எனக்கும் வீட்டுக் கடன் இருக்கு."

"அப்புறம் எதுக்கு இந்தப் பொழப்பு சூர்யா?"

"நான் நிறுத்தினா நாளைக்கே வேற கம்பெனிக்காரன் வந்து ரெண்டு தவணை கட்டுவான்கா. உங்களை மாதிரி இருக்க எனக்கும் ஆசைதான். நீங்க எத்தனை பாலிசி பிடிச்சீங்க இந்த வருஷம்?"

அவன் அதை அவளைக் குத்துவதற்காகக் கேட்கவில்லை. அவனுடைய கண்கள் கலங்கியிருந்தன. திட்டுவதற்கென்று கொண்டுவந்த சொற்களோடு அவள் திரும்பி நடந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஒச்சாயி போன் செய்தாள். சூரியபிரகாஷ் பழங்களோடு வீட்டுக்கு வந்தானாம். அவர் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டு அழுதானாம். சத்யப்ரியாவின் இந்தப் பருவத்துக் காலேஜ் பீஸைத் தானே கட்டிவிடுவதாகச் சொல்லி, கையோடு கொடுத்துவிட்டும் போயிருக்கிறான். புகார் மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

"வாங்கிட்டீங்களா?" என்று கேட்டாள் ஜாய்ஸ்.

"வாங்காம என்ன செய்யச் சொல்றீக டீச்சர்?"

"இல்ல, வாங்குங்க. சும்மாதான் கேட்டேன்."

ஜாய்ஸ் தானாக நிறுவனத்தின் மேலிடத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தாள். பாலிசிதாரரோ நாமினியோ புகார் தந்தால் மட்டுமே நடவடிக்கை எடுக்க இயலும் என்று பணிவான பதில் வந்தது. பள்ளிக்கூடத்துப் பழைய டீச்சர்களிடம் கேட்டுச் சேர்த்த பணம் வண்டிக் கடனின் ஒரு மாதத் தவணைக்குத்தான் போதுமாக இருந்தது. அதற்குள் கடன் கொடுத்தவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த பருவம் பீஸ் கட்டும் நேரத்தில் சூரியபிரகாஷ் போனை எடுக்கவில்லை. வேறொரு நிறுவனத்தில் பெரிய பொறுப்புக் கிடைத்து அவன் தேனிப் பக்கம் போய்விட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். அந்த மாதக் கூட்டத்தில் அவன் நின்ற இடத்தில் வேறொரு பையன் சால்வை போட்டுக்கொண்டு நின்றான்.

சத்யப்ரியா பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றாள். தம்பி அருள்பாண்டி படிக்கட்டும் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். "ஒரு வருஷம்தான பாக்கி, எப்படியாவது புரட்டுவோம்" என்று ஜாய்ஸ் சொன்னபோது, "எப்படின்னு சொல்லுங்க டீச்சர்" என்றாள். எதிர்த்துப் பேசுகிற பெண் இல்லை. உண்மையாகவே வழி ஏதாவது இருக்கிறதா என்று அறியத்தான் கேட்டாள். மரியராஜ் யாரிடமோ சொல்லி, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை வாங்கித் தந்தார். தங்குவதற்கும் கடைக்காரர்களே இடம் தந்தார்கள்.

ஆனி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலையில் ஜாய்ஸ் அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். கடை அப்போதுதான் திறந்திருந்தது. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு அம்மாள் வந்து, சீருடைப் புடவை இரண்டைச் சத்யப்ரியாவின் கையில் வைத்தாள். போனை இங்கே ஒப்படைத்துவிட வேண்டும், சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். சத்யப்ரியா போனை அணைத்துக் கொடுத்தாள்.

"அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றாள் ஜாய்ஸ். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."

"ஞாயித்துக்கிழமைதான் கூட்டம் ஜாஸ்தியாம் டீச்சர். வேற நாள் வாங்க."

புடவைகளை மார்போடு அணைத்தபடி அவள் அந்த அம்மாளின் பின்னால் மாடிப்படி ஏறினாள். ஜாய்ஸ் அங்கேயே நின்றாள். காவலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உள்ள போறதுன்னா போங்கம்மா. ஆளுக வர்ற வழி, வாசல்ல நிக்காதீக" என்றான். அவள் இறங்கி ஓரமாக நடந்தாள். தெருவில் மற்ற கடைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தார்கள்.